பாடகர் மாறினால் அது எக்ஸோடஸ்தானோ?

தம்பி, நீர் கேட்டது இரண்டு கேள்வி. 2025 ஜனவரியில் எக்ஸோடஸ் என்ற அமெரிக்க த்ராஷ் (வேகமும் முரட்டுத்தனமும் கூடின மெட்டல் இசை) பாண்டில் பாடகர் ஸ்டீவ் 'ஸெட்ரோ' சூசா போய் ரொப் டியூக்ஸ் திரும்பி வந்தபோது ரசிகர்கள் இரண்டு பக்கமாய்ப் பிரிந்து அடிபட்டதைப் பார்த்துவிட்டு, "ஐம்பது அறுபது வயசு ஆக்கள் ஒரு பாடகருக்காக ஏன் உப்பிடி மல்லுக்கட்டுகினம்?" என்று கேட்டிருந்தீர். ரொறன்ரோவில் இருக்கிற உம்முடைய மச்சான் அவர்களுடைய நிகழ்ச்சிக்கு ரிக்கெற் எடுப்பமோ விடுவமோ என்று யோசிக்கிறார், "பழைய ஆக்களில பாதிப்பேர் இல்லை, பிறகென்ன எக்ஸோடஸ்" என்கிறார் என்றும் எழுதியிருந்தீர்.

மச்சானை ரிக்கெற் எடுக்கச் சொல்லும். ஏனென்று கடைசியில் வருகிறேன். முதல் கேள்விதான் பெரியது.

இந்தப் பாட்டுகளைக் கேட்காதவர்களுக்கு இது விசர்ச் சண்டையாகத்தான் தெரியும். யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு விளங்காமல் போகக்கூடாது. தவில் மேதை தட்சணாமூர்த்தி காலமானது 1975இல். இன்றைக்கும் ஒரு திருவிழாவில் மேளச்சமா சூடு பிடிக்கிற நேரம், எவ்வளவு திறமான பெடியன் வாசித்தாலும், பக்கத்தில் நிற்கிற வயது போன ஐயா ஒருவர் "வாசிக்கிறான்தான், எண்டாலும் தெட்சணாமூர்த்தியின்ர கை..." என்று இழுப்பார். அவரை நேரில் கேட்டிராத ஐயாமாரும் அப்படித்தான் இழுப்பார்கள். ஆனால் ஐயாவுக்குக் கோபிக்க ஆள் இல்லை; காலன் கொண்டுபோனதற்கு யாரோடு சண்டை பிடிப்பது? த்ராஷ் பாண்டுகளில் பெரும்பாலும் போனவரை அனுப்பிய ஆள் ஒருவர் இருப்பார். அதே மேடையில், அதே கிற்றாரோடு, நாளைக்கும் நிற்பார்.

ஆள் மாறியதற்காக மட்டும் ரசிகர்கள் பெரிதாகக் குழம்புவதில்லை என்பது என் அபிப்பிராயம். போனவரை எப்படி அனுப்பினார்கள், வந்தவருக்கு என்ன இடம் கொடுத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வந்தவரின் திறமை மூன்றாம் இடம்தான். அநியாயமாய்த் தெரியலாம், ஆனால் நாற்பது வருடக் கதையை எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது.

மெட்டாலிக்காவில் தொடங்குவோம். 1983 ஏப்ரலில், முதல் அல்பத்தைப் பதிவு செய்ய நியூயோர்க் வந்த இடத்தில், கிற்றார்காரர் டேவ் மஸ்டெய்னை விலத்தி, பஸ் ரிக்கெற்றைக் கையில் கொடுத்துக் கலிபோர்னியாவுக்கு ஏற்றிவிட்டார்கள். அவரின் இடத்துக்கு வந்தவர் கேர்க் ஹமற். எங்கேயிருந்து? எக்ஸோடஸில் இருந்து. உம்முடைய பாண்டின் ஆள் மாற்றக் கதையும் அங்கேதான் தொடங்குகிறது. ஹமற்றை அந்த நேரம் யாரும் ஏசவில்லை. மெட்டாலிக்காவுக்கு அப்போது ஒரு அல்பம்கூட இல்லை, ஏசுவதற்கு ரசிகர் கூட்டமும் பெரிதாக இல்லை. ஆனால் அந்த முதல் அல்பத்தின் நாலு பாட்டில் மஸ்டெய்னின் பெயர் இருக்கிறது. அந்த வன்மத்தில்தான் அவருடைய மெகாடெத் பாண்ட் பிறந்தது. அந்தப் பஸ் பயணத்தைப் பற்றி ரசிகர்கள் தங்களுக்கே நடந்ததுபோல இன்றைக்கும் கதைப்பார்கள்.

ரசிகர் கோபத்தை முழுசாக அனுபவித்தவர் ஜேசன் நியூஸ்ரெட். 1986 செப்ரெம்பர் 27 அதிகாலை, சுவீடனில் பஸ் கவிழ்ந்து மெட்டாலிக்காவின் பேஸ் கிற்றார்காரர் கிளிஃப் பேர்ட்டன் இறந்துபோனார். வயது 24. பேஸ் கிற்றாரை முன்னுக்குக் கொண்டுவந்து, சத்தத்தை உடைத்து, தனியாகவே ஒரு பாட்டை நடத்தக்கூடிய மனிதர். நாற்பது பேருக்கு மேல் வாசிக்கவைத்துப் பார்த்து, ஃபுளொட்சம் அன்ட் ஜெட்சம் என்ற பாண்டில் இருந்த நியூஸ்ரெட்டை எடுத்தார்கள். நவம்பர் 8ஆம் திகதியே அவரோடு மேடை ஏறியாயிற்று. செத்தவீட்டு அழுகை ஓயாத வீட்டுக்குள் புது மாப்பிள்ளை கால் வைத்த கணக்கு. சாப்பாட்டுக் காசை அவர் தலையில் கட்டுவது, ஜப்பானில் வசாபியை ஐஸ்கிறீம் என்று சொல்லிக் கொடுப்பது என்று கூட்டாளிகள் செய்த பகிடிவதை பிறகு அவர்கள் வாயாலேயே வெளியில் வந்தது.

பிறகு 1988இல் வந்தது '...அன்ட் ஜஸ்ரிஸ் ஃபோர் ஓல்'. நல்ல ஹெட்போனில் போட்டுக் கேளும். பேஸ் கிற்றார் எங்கே என்று தேடவேண்டும். நான் கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் சவுண்ட் செற் போடுகிறவன். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. அந்த அல்பத்தில் பாடகர் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் ரிதம் கிற்றாரில் நடுச்சத்தத்தை வழித்து எடுத்துவிட்டு, அடியையும் மேலையும் கூட்டிவைத்திருக்கிறார்கள். அடிச்சத்தம் இருக்கவேண்டிய இடத்தில் கிற்றார் ஏற்கனவே குந்திவிட்டது. உதை ட்ரம் 'டிக் டிக்' என்று தட்டச்சு அடிக்கிறமாதிரிக் கேட்கும். நியூஸ்ரெட்டோ கிற்றார் போகிற வழியிலேயே ஸ்வரம் பிசகாமல் கூடவே வாசிக்கிறார், ஆகவே கிற்றாருக்குள் கரைந்துபோகிறார். இவ்வளவும் காணாதென்று மிக்ஸரில் அவருடைய சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற பேடரையும் கீழே இழுத்துவிட்டார்கள். அப்படி இழுக்கச் சொன்னது ட்ரம்மர் லார்ஸ் உல்ரிக் என்று மிக்ஸிங் செய்த ஸ்டீவ் தொம்சன் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்னார்.

அந்த நேரத்து ரசிகனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கேட்டான், பேஸ் இல்லை. "கிளிஃப் இருந்தால் இப்பிடியோ?" என்றான். பாண்ட் செய்த வேலைக்கு ஏச்சு வாங்கியது புது ஆள். பதினாலு வருடம் அந்த மேடையில் தலைமயிரைச் சுழற்றி, தொண்டை கிழியக் கத்தி உழைத்த மனிதர் 2001 ஜனவரியில் விலகினார். பக்கத்தில் வேறொரு சின்ன பாண்டும் நடத்த விடவில்லை என்பதும் ஒரு காரணம். அதற்குப் பிறகுதான் ரசிகர்களுக்கு ஞானம் பிறந்தது. பேஸைத் தாங்களே கூட்டி அந்த அல்பத்தை யூரியூப்பில் ஏற்றினார்கள், ஜேசனுக்கு நீதி என்று தலைப்புப் போட்டு. ஏசின அதே ஆக்கள்தான்.

அடுத்து வந்த ரொபேட் ருஹியோவுக்கு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. 2003இல் அவரைச் சேர்த்தபோது பத்து லட்சம் டொலர் முற்பணமாகத் தருகிறோம் என்று கமெராவுக்கு முன்னாலேயே சொன்னார்கள். அந்தக் காட்சி 2004இல் வந்த அவர்களின் ஆவணப்படத்தில் இருக்கிறது. மரியாதையாய் வீட்டுக்குள் கூப்பிட்டவரை ரசிகனும் மரியாதையாய்ப் பார்த்தான். நியூஸ்ரெட்டை விட அவர் கெட்டிக்காரர் என்பதால் அல்ல.

ஸ்லேயரைப் பார்த்தால் இன்னும் தெளிவாய்த் தெரியும், ஏனென்றால் 2013இல் மூன்று மாதத்துக்குள் இரண்டு பேரை அந்த பாண்ட் இழந்தது. ட்ரம்மர் டேவ் லொம்பார்டோ பெப்ரவரியில் போனார். காசுப் பிரச்சினை. சுற்றுப்பயண வருமானத்தில் 90 வீதம் செலவென்று கழிக்கப்படுகிறது, அதில் முகாமையாளரின் கட்டணமும் அடக்கம், கணக்குக் கேட்டதற்கு என்னை விலத்திவிட்டார்கள் என்று அவரே பேஸ்புக்கில் எழுதினார். மே 2ஆம் திகதி கிற்றார்காரர் ஜெஃப் ஹனமன் ஈரல் நோயில் இறந்தார். பாண்டின் பேர்பெற்ற பாட்டுகளில் பெரும்பங்கு அவருடைய கையில் பிறந்தது. கணக்கின்படி பார்த்தால் ஹனமனின் இழப்புத்தான் ஈடுசெய்ய முடியாதது. அவருக்குப் பதிலாக நின்ற ஆளைத்தான் ரசிகர்கள் கடித்துக் குதறியிருக்கவேண்டும்.

அப்படி நடக்கவில்லை. அந்த இடத்தில் நின்றவர் கரி ஹோல்ட், எக்ஸோடஸின் முதுகெலும்பு. 2011இல் ஹனமனுக்குக் கையில் தசையைத் தின்னும் கிருமித்தொற்று வந்து வாசிக்க முடியாமல் போனபோது உதவிக்கு வந்தவர். சுகமாகும்வரை தற்காலிகம் என்றே பாண்ட் சொன்னது, அவரும் அப்படியே நடந்துகொண்டார். இரண்டு வருடம் அந்த இடத்தைக் காவல் காத்த மனிதனிடம் பிறகு அது நிரந்தரமாய் வந்தபோது யார் என்ன சொல்வது? 2015இல் வந்த 'ரிபென்ட்லெஸ்'ஸில் சோலோக்கள் வாசித்தார், பாட்டு எழுதுவதற்குள் கை வைக்கவில்லை. ஹனமன் விட்டுப்போன ஒரு பாட்டும் அதில் சேர்த்திருந்தார்கள். அல்பம் பில்போர்ட் பட்டியலில் 4ஆம் இடம் வரை போனது.

லொம்பார்டோவுக்குப் பதிலாக வந்தவரோ புது ஆளே இல்லை. 1992இல் லொம்பார்டோ போனபோதும் வந்து, ஒன்பது வருடமளவில் இருந்துவிட்டுப் போன போல் பொஸ்டாஃப். அருமையான ட்ரம்மர். லொம்பார்டோ உருட்டும்போது தாளம் கொஞ்சம் முன்னுக்குச் சரியும், விழப்போகிறது என்று நெஞ்சு பதறும், விழாது. பொஸ்டாஃப் அளவுகோல் வைத்து அடிப்பார். இரண்டில் எது பிடிக்கும் என்பது அவரவர் காது, எனக்கு லொம்பார்டோ. ஆனால் 2013 சண்டை இந்தக் கைவாகைப் பற்றியதே இல்லை. பொஸ்டாஃபை ஏசினவர்கள் குறைவு. ஸ்லேயரின் மற்றக் கிற்றார்காரர் கெரி கிங்குக்குத்தான் விழுந்தது. செத்துப்போனவரின் இடத்தில் வேறொருவர் நிற்பதைப் பொறுத்துக்கொண்ட சனம், கணக்குக் கேட்டவரை வெளியே விட்டதைப் பொறுக்கவில்லை.

இனி நம்முடைய ஊர்க் கதை ஒன்று. யாருக்கு எந்த ஆள் 'அசல்' என்பது எப்படி முடிவாகிறது என்று இதில் தெரியும்.

90களின் முற்பாதியில் யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. பற்றரி தடைப்பட்டியலில் இருந்த சாமான். சைக்கிளைத் தலைகீழாய் நிமிர்த்தி வைத்து, டைனமோவில் இருந்து வயர் இழுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் பாட்டுக் கேட்ட காலம். சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் ஹெட்ஃபீல்ட் கிணற்றுக்குள் இருந்து பாடுவார். எங்களிடம் வந்த மெட்டல் கசெற்றுகள் கொழும்பில் ரெக்கோடிங் பாரில் அடித்தவை, அல்லது வெளிநாட்டில் இருந்து யாரோ யாருக்கோ அனுப்பி, கைமாறிக் கைமாறி வந்தவை. நீலப் பேனாவால் பாண்டின் பெயர் மட்டும் எழுதியிருக்கும். வருடம் இல்லை, படம் இல்லை, யார் எதை வாசிக்கிறார்கள் என்ற விவரம் ஒன்றும் இல்லை. 1984ம் 1993ம் ஒரே கிழமையில் வந்து சேரும்.

என்னுடைய கூட்டாளி ஒருவனுக்கு முதலில் கிடைத்த அந்திராக்ஸ் கசெற் 'சவுண்ட் ஒஃப் வைற் நொய்ஸ்'. 1993 அல்பம், ஜோன் புஷ் பாடியது. கம்மலான, ஆம்பிளைத்தனமான குரல். பிறகொரு நாள் 80களின் அந்திராக்ஸ் கிடைத்தது, ஜோய் பெலடோனா கீச்சுக்குரலில் உச்சத்துக்குப் போய் வருகிறார். "ஆரடா இது புதுசா ஒருத்தன்? பழைய ஆளை ஏன் கலைச்சவங்கள்?" என்று குத்தினானே ஒரு குதியன்! உலகம் முழுக்கப் பெலடோனாவைக் கலைத்ததற்காகக் கோபித்தது. இவன் பெலடோனா வந்ததற்காகக் கோபித்தான். வருடங்கள் எல்லாம் விளங்கின பிறகும் அவனுக்குப் புஷ்தான் அந்திராக்ஸ். முதல் பிடித்துப்போனது எதுவோ அதுதான் அசல், மற்றதெல்லாம் மாற்று. 2010இல் பெலடோனா நிரந்தரமாய்த் திரும்பி, அடுத்த வருடம் 'வேர்ஷிப் மியூசிக்' வந்து எல்லோரும் கொண்டாடியபோது அவன் லண்டனில் இருந்து எனக்கு அனுப்பின செய்தி இங்கே எழுதக்கூடியதல்ல.

நானும் புஷ் கட்சிதான். அந்த 1993 அல்பம் பில்போர்ட்டில் 7ஆம் இடம் பிடித்தது, தோல்வி என்று யாரும் சொல்லமுடியாது. பெலடோனா தன் பக்கத்துக்குச் சொந்தக் காரணம் வைத்திருக்கிறார் என்பதையும் மறுக்கவில்லை. அவர் பாடிய பாட்டுகளைக் கேட்டுத்தான் சனம் சேர்ந்தது. இதில் பாவம், மேடையில் தினமும் இன்னொருவரின் பாட்டைப் பாடவேண்டியிருந்த புஷ்தான்.

பிரேசில் பாண்டான செபுல்ரூராவில் இது உச்சம். 1996 டிசம்பரில் பாடகர் மக்ஸ் கவலேரா விலகினார். அவருடைய மனைவிதான் முகாமையாளர், மற்ற மூவரும் அவரோடான ஒப்பந்தத்தைத் தொடர விரும்பவில்லை. அதே வருடம்தான் அந்தப் பெண் ஒரு மகனை வாகன விபத்தில் பறிகொடுத்திருந்தார். இப்படியான நேரத்தில் நடந்த பிரிவு ஆறுமோ? பிறகு டெரிக் கிரீன் வந்தார். மக்ஸ் இருந்தது பன்னிரண்டு வருடம். டெரிக் அதைப்போல இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டார். இன்றைக்கும் அவரைப் 'புதுப் பாடகர்' என்கிற ஆக்கள் இருக்கிறார்கள், அவர் சேர்ந்த பிறகு பிறந்த பிள்ளைகள் உட்பட.

மெகாடெத்தில் இந்தச் சண்டை அவ்வளவு ஏறாது. மஸ்டெய்ன்தான் பாண்ட், மற்றவர்கள் வந்துபோகிறவர்கள் என்று முதலே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் 2000இல் விலகின கிற்றார்காரர் மார்ட்டி ஃபிரீட்மன், 2023 பெப்ரவரியில் ரோக்கியோ புடோகானில் மூன்று பாட்டுக்கு மேடை ஏறியபோது வளர்ந்த ஆம்பிளைகள் அழுதார்கள். சண்டை பிடிக்காமல் சொல்லிக்கொண்டு போனவருக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

இப்போது எக்ஸோடஸ். முதல் அல்பம் 'பொண்டட் பை பிளட்', 1985. பாடகர் போல் பேலொஃப். அவர் பாடினார் என்று சொல்வதைவிடச் சந்தியில் நின்று சண்டைக்குக் கூப்பிட்டார் என்று சொல்லலாம். 1986இல் அவரை விலத்திவிட்டு ஸெட்ரோவை எடுத்தார்கள். ஸெட்ரோ விட்டுவந்த பாண்டுக்குப் பாடகராய்ப் போனவர் சக் பில்லி, அந்த பாண்ட்தான் ரெஸ்ரமென்ட். ஒரு மாற்றத்தால் இரண்டு வீடு நன்றாய் வந்த அபூர்வக் கதை. 1997இல் பேலொஃப் திரும்பி வந்தார், 2002இல் இறந்தார். திரும்ப ஸெட்ரோ. 2004இல் அவர் விலக, 2005இல் இருந்து ரொப் டியூக்ஸ். 2014இல் டியூக்ஸை அனுப்பிவிட்டுத் திரும்பவும் ஸெட்ரோ. 2025இல் மறுபடி டியூக்ஸ்.

இந்த வரிசையைப் பார்த்தால் உம்முடைய முதல் கேள்விக்கு விடை வந்துவிடும். ஸெட்ரோ கட்சிக்கும் மனக்குறை இருக்கிறது, டியூக்ஸ் கட்சிக்கும் இருக்கிறது. இரண்டு பேரும் ஒருதரமாவது வெளியே நின்றவர்கள், ஒருவர் உள்ளே வர மற்றவர் போகவேண்டியிருந்தது. இரண்டுக்கும் மேலே, "பேலொஃப் போனதோட எல்லாம் முடிஞ்சுது" என்கிற மூத்த கட்சி ஒன்று, மற்ற இரண்டையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறது. பேஸ் வாசிக்கிறவர் மாறியதைப் பற்றி இந்த மூன்று கட்சியில் ஒருவரும் மூச்சு விட்டதில்லை என்பதையும் கவனியும்.

மச்சானுக்குச் சொல்லவேண்டியது இதுதான். த்ராஷில் பாண்டின் கையெழுத்து ரிதம் கிற்றார் வாசிக்கிற வலக்கையில் இருக்கிறது. தந்தியை உள்ளங்கையால் அமத்திப் பிடித்து, கீழ்நோக்கிய வெட்டாய் வெட்டிக்கொண்டு போகிற அந்த ஓட்டம் ஆளுக்கு ஆள் வித்தியாசம். எக்ஸோடஸில் அது ஹோல்ட்டின் கை. அதற்குக் கீழே ரொம் ஹன்ரிங்கின் ட்ரம்ஸ். பாண்டைத் தொடங்கினவர்களில் ஒருவர், 2021இல் புற்றுநோய்க்காக இரைப்பையையே எடுத்துவிட்டு மறுபடி வந்து குந்தினவர். இரண்டு பேரும் மேடையில் இருந்தால் அது எக்ஸோடஸ்.

நம்பாவிட்டால் வீட்டில் இருந்தே பரிசோதிக்கலாம். 1985 அல்பம் முழுவதையும் 2008இல் 'லெற் தெயர் பி பிளட்' என்ற பெயரில் டியூக்ஸை வைத்துத் திரும்பப் பதிவு செய்தார்கள். பாடகர் வேறு, இரண்டாவது கிற்றார் வேறு, பேஸ் வேறு. இரண்டிலும் வாசிப்பவர்கள் ஹோல்ட்டும் ஹன்ரிங்கும் மட்டும்தான். ஒரே பாட்டை இரண்டிலும் மாறி மாறிப் போட்டு, பாட்டுத் தொடங்க முன் வருகிற கிற்றாரை மட்டும் கேட்கச் சொல்லும். குரல் வந்த பிறகு, மச்சான் பேலொஃப் கட்சியாய் இருந்தால், டியூக்ஸை எவ்வளவு வேண்டுமென்றாலும் ஏசட்டும். ரிக்கெற்றை எடுத்துவிட்டு ஏசட்டும்.